வே பில்லில் ஒரு எண் தவறியபோது

கோவையில் ஒரு சிறிய மோட்டார் பம்ப் பட்டறையில் பில் போடுவது என் வேலை. சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை பெங்களூருக்கு 30 பம்புகள் அனுப்பினோம். சரக்கின் மதிப்பு 2,40,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 43,200. இன்வாய்ஸ், எந்த வண்டியில் என்ன சரக்கு போகிறது என்று ஜிஎஸ்டி தளத்தில் பதிந்து எடுக்கும் வே பில், லாரி ரசீது மூன்றையும் டிரைவர் அண்ணன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரவு பதினொன்றரைக்கு அவரிடமிருந்து போன். "அம்மிணி, சேலம் தாண்டி வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. நம்பர் தப்பா இருக்காமுங்க" என்றார். வே பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வண்டி எண் 5683. நான் 5688 என்று அடித்திருந்தேன். கடைசி 3, 8 ஆகிவிட்டது.

வண்டியை நிறுத்திய ஜிஎஸ்டி பறக்கும் படை அலுவலர் போனை வாங்கிப் பேசினார். "இந்த வண்டிக்கு வே பில்லே இல்லைன்னுதான் அர்த்தம். 86,400 கட்டினா காலையில வண்டி போகும்" என்றார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டேன். வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், ஜிஎஸ்டி சட்டத்தின் 129-வது பிரிவு என்றார். கணக்கு சரிதான். 2022 ஜனவரி முதல் அந்தப் பிரிவில் அபராதம் அவ்வளவுதான். சரக்கின் உரிமையாளர் கட்ட முன்வராவிட்டால் இன்னும் கூடும்.

எங்கள் ஆடிட்டரை எழுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எழுத்துல என்ன கொடுத்திருக்காங்க?" ஒன்றும் கொடுக்கவில்லை. "அப்போ ஒரு ரூபாயும் கட்டாதீங்க. பணம் கட்டினதும் நடவடிக்கை முடிஞ்சதா 129(5) சொல்லுது. அப்புறம் நீங்க வாதாடுறது ரொம்பக் கஷ்டம்" என்றார்.

அன்று இரவு அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். வண்டியை நிறுத்திப் பேப்பர் கேட்க 68-வது பிரிவில் அவர்களுக்கு முழு அதிகாரம் உண்டு. அதில் நமக்கு வருத்தப்பட எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் எம்ஓவி என்று தொடங்கும் ஒரு ஜிஎஸ்டி படிவம் இருக்கிறது. டிரைவரின் வாக்குமூலம் எம்ஓவி-01. சரக்கைப் பிரித்துப் பார்க்க உத்தரவு எம்ஓவி-02. வண்டியைப் பிடித்து வைத்தால் எம்ஓவி-06. பிடித்த 7 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 7 நாளுக்குள் உத்தரவு. இந்தக் கெடு எல்லாம் அலுவலருக்கு. நமக்குத்தான் அவசரம் என்று நினைத்து அந்த நேரத்தில் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

டிரைவர் அண்ணனிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், எழுதியிருந்தால் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் வாக்குமூலத்தில் வரும் ஒரு வரி பின்னால் நம் வழக்கையே மாற்றிவிடும். பாவம், அந்தக் குளிரில் வண்டிக்கடியில் படுத்திருந்த மனிதரிடம் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருந்தது.

விடியற்காலை பஸ் ஏறினேன். பையில் இன்வாய்ஸ் நகல், லாரி ரசீது, அப்புறம் மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2018 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட 64-வது சுற்றறிக்கையின் அச்சுப் பிரதி. இன்வாய்ஸும் வே பில்லும் வண்டியோடு இருந்து, சில சின்னப் பிழைகள் மட்டும் இருந்தால் 129-ன் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்கிறது அது. அனுப்புநர் பெயரில் எழுத்துப் பிழை, பின்கோடு தவறு போன்றவற்றோடு, வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மாறியிருப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு அபராதம் மொத்தம் 1,000 ரூபாய்.

பறக்கும் படையின் அலுவலகத்தில் மூத்த அலுவலர் இருந்தார். ஒரு பக்கக் கடிதத்தோடு சுற்றறிக்கையையும் வைத்து, கடித நகலில் தேதியோடு முத்திரை கேட்டேன். கொடுத்தார். பிறகு சுற்றறிக்கையை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். "வண்டி வேற, சரக்கு வேறன்னு இருந்தா இது செல்லாதும்மா" என்றார். "பிரிச்சுப் பார்த்துக்கோங்க சார்" என்றேன். தார்ப்பாயை விலக்கி 30 பெட்டிகளையும் எண்ணினார்கள், நான்கு பெட்டிகளைத் திறந்து பம்பின் வரிசை எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட்டார்கள். எல்லாம் பொருந்தியது. அவரை நான் மதிக்கிறேன். சோதிக்க வேண்டியதைச் சோதித்தார், சோதித்ததை எழுதினார்.

1,000 ரூபாயை ஆன்லைனில் கட்டினோம். மாலை நான்கு மணிக்கு விடுவிப்பு உத்தரவு, எம்ஓவி-05, கைக்கு வந்தது. சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கினேன். ஒரு மாநிலத்துக்குள் ஒருமுறை சோதித்த வண்டியை, வரி ஏய்ப்பு பற்றிக் குறிப்பான தகவல் இல்லாமல் மறுபடி சோதிக்கக் கூடாது என்பது ஜிஎஸ்டி விதிகளில் 138சி. வே பில்லில் வண்டி எண்ணைத் திருத்தி, புதிய அச்சையும் டிரைவர் அண்ணனிடம் கொடுத்தேன்.

இரவு எட்டரைக்கு அவரே கூப்பிட்டார். "ஓசூர்கிட்ட இன்னொரு படை கை காட்டுச்சுங்க அம்மிணி. நீங்க குடுத்த பேப்பரக் காட்டுனேன். பார்த்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க."