நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம்

இன்டெல் நிறுவனம் 1972இல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை மலேசியாவின் பினாங்கில் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்துவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வட்டாரத்தில், தொழில்நுட்பர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுள் யார் வேலை தெரிந்தவர், யார் பேசத் தெரிந்தவர் என்று பிரித்தறிவதுதான் கடினம்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்குவதை நான் கைவிட்டுவிட்டேன். அதில் ஒத்திகை பார்த்து வந்தவரே வெல்கிறார். மாறாக, நேர்காணலுக்கு முன்பே உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளருடன் அமர்ந்து, அண்மையில் இரவுப் பணியில் எவையெல்லாம் பழுதாயின என்று கேட்டு, அவற்றிலிருந்தே கேள்விகளை அமைக்கிறேன். இயந்திரம் நின்றபோது முதலில் எதைச் சோதித்தீர்கள், எந்தக் காரணத்தை ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டால், கேள்விப்பட்டதைச் சொல்பவர் இரண்டாவது துணைக்கேள்வியிலேயே தடுமாறுவார்.

ஆனால் பட்டர்வொர்த், நிபோங் தெபால் பக்கங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலரிடம் வேறொரு சிக்கல் உண்டு. தற்பெருமை கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், விடிய விடிய நின்று தாங்களே சரிசெய்த பழுதைக்கூட மேற்பார்வையாளரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவர்களிடம், "அன்று நீங்கள் வேலைக்கு வராமல் இருந்திருந்தால் எது நடந்திருக்காது?" என்று கேட்பேன்; அதன் பிறகு தயக்கம் விலகி, சில சமயம் பாதி மலாயும் பாதி தமிழுமாக, உண்மையான விவரங்கள் வெளிவரும். அந்தக் கலப்பு மொழிக்காக மதிப்பெண்ணைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இயந்திரத்தின் அருகில் பேசப்படுவதும் அதுதானே!

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல், பிற்காலப் பணித்திறனைக் கணிப்பதில் முன்னணியில் நிற்பதாகப் பணிசார் உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட் குழுவினரின் 2022ஆம் ஆண்டு மறுஆய்வு காட்டியது. ஆயினும் மதிப்பெண்ணை எழுதும் முன் மூத்த அதிகாரி வாய்திறந்துவிட்டால், மற்றவர்களின் பேனாவும் அவர் வழியிலேயே செல்லும். அதனால் எங்கள் குழுவில் எழுதிய பிறகுதான் பேச்சு.

விண்ணப்பதாரர்கள் தாங்கள் கையாண்ட இரண்டு பழுதுகளை, தங்கள் பங்கைத் தெளிவாகப் பிரித்து, முன்கூட்டியே எழுதிப் பார்த்து வருவது நல்லது. வாராந்திர வேலை நேர வரம்பு 2023 ஜனவரியில் 48 மணியிலிருந்து 45ஆகக் குறைந்த பின், 12 மணி நேரப் பணிமுறையில் மிகைநேர ஊதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அவர்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமும் அன்று. இரவுப் பணியைப் பற்றி நாம் மழுப்பினால், வேலைக்குச் சேர்ந்தவர் சோதனைக் காலம் முடிவதற்குள் விலகிவிடுவார். அதே விளம்பரத்தை மறுபடியும் வெளியிட வேண்டியிருக்கும்.