ஏற்காடு ஏற்றத்தில் கருப்புப் புகை விடும் பழைய ஆம்னி

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு வரை பழைய மாருதி ஆம்னி வேன் ஒழுங்காகத்தான் போகும். அடிவாரம் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் குணம் மாறும். செகண்ட் கியரில் மிதித்தால் இழுவை இல்லை, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கருப்புப் புகை, உள்ளே பெட்ரோல் வாடை. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி மலை ஏறினால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அது அரை உண்மை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த 20 வளைவுகளுக்குள் காற்றின் அடர்த்தி 11 சதவீதம் போலக் குறைகிறது. கார்புரேட்டர் பெட்ரோலையும் குறைத்துத்தான் விடும், ஆனால் காற்று குறைந்த அளவுக்கு இல்லை. ஆகவே கலவை 6 சதவீதம் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று கீழே இருந்தால், மேலே சுமார் 13.9. அதில் இழுவை சற்றுக் குறையலாம், கருப்புப் புகை வராது. புகை வருகிறதென்றால் கோளாறு சேலத்திலேயே இருந்திருக்கிறது. மலை அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல்மேலும் பழி போட முடியாது. இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) கலவையை லீன் பக்கம்தான், அதாவது பெட்ரோல் குறைவான பக்கம்தான் தள்ளும். அதன் கெடுதல் வேறு இடத்தில்: டயாஃப்ரம் என்ற பழைய ரப்பர் சவ்வையும் ஹோஸையும் ஊறவைத்துவிடும்.

கோளாறு எங்கே என்று பார்க்க, வளைவில் நிறுத்தாமல், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல்) ஓடவிடாமல் உடனே சாவியை அணைக்க வேண்டும். ஐடிலில் ஓடினால் ஸ்பார்க் பிளக் வேறு கதை சொல்லும். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் என்பதால் சீட்டைத் தூக்கி, அரைமணி நேரமாவது ஆறவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்த வேலையில் பாதி முடிவு இங்கேயே கிடைத்துவிடும். மூன்றும் ஒரே மாதிரி உலர்ந்த கரியாக இருந்தால் கார்புரேட்டர் பக்கம் போகலாம். ஒன்று மட்டும் கறுத்து மற்ற இரண்டும் இளம்பழுப்பாக இருந்தால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். அந்தச் சிலிண்டரின் பிளக், பிளக் ஒயர், கம்ப்ரஷன் இவற்றைப் பாருங்கள். கரி பளபளவென்று எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் ஏறுகிறது. அதன் புகை நீலமாக இருக்கும். ஏற்காட்டுக் காலைக் குளிரில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி.

மூன்றும் கறுப்பு என்றால் முதலில் சோக், அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு. உள்ளே கைப்பிடியைத் தள்ளிவிட்டால் போதாது. ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, சோக் தகடு செங்குத்தாக முழுசாகத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கேபிள் துருப்பிடித்து கால்வாசி மூடியபடி நிற்பது சாதாரணம். அடுத்தது ஏர் பில்டர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி தெரியவில்லை என்றால் புதுசு போடுங்கள். தட்டி மாட்டுவது இரண்டு நாள் வைத்தியம்.

ஏற்றத்தில் மட்டும் கழுத்தறுப்பது பெரும்பாலும் புளோட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை. புளோட் சேம்பரில் பெட்ரோல் மட்டம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சமதளத்தில் தெரியாது. வண்டி மூக்கைத் தூக்கி, வளைவில் சாயும்போது பெட்ரோல் ஒரு பக்கம் சேர்ந்து கார்புரேட்டரின் தொண்டைக்குள், அதாவது காற்று போகும் வழிக்குள், வழியும். சோதனை எளிது: எஞ்சினை அணைத்ததும் டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். சொட்டிக்கொண்டே இருந்தால், புளோட் ஏறியதும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது புளோட் ஓட்டையாகிப் பெட்ரோல் புகுந்திருக்கிறது. புளோட்டைக் காதருகே ஆட்டினால் சத்தம் கேட்கும். ஊசியை அதன் சீட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். ஊசியை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் நின்று நின்று போகும்போது, வெக்கையில் பெட்ரோல் கொதித்து வழிவதும் உண்டு. அப்போது ஆக்ஸிலேட்டரைப் பம்ப் செய்யாமல், முழுசாக மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும்.

ஏர் ஜெட் (காற்றுக்கான சிறு துளை) அடைத்தாலும் ரிச் ஆகும். பலர் மெயின் ஜெட்டைக் கம்பியால் குத்துகிறார்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதினால் போதும்.

மேலே ஏரிக்கரையில் நிறுத்தி கார்புரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகுவதைத்தான் கண்டிப்பாகச் செய்யக்கூடாது. அது ஐடிலுக்கான ஸ்க்ரூ. ஏற்றத்தில் வேலை செய்வது மெயின் ஜெட். மேலே குறைத்து வைத்துவிட்டு இறங்கினால், சேலம் வெயிலில் ஐடில் நிற்காமல் ஆடும். செட்டிங் சேலத்தில்தான்: எஞ்சின் சூடான பிறகு, மெதுவாக முட்டும்வரை மூடி, 2 முதல் 3 சுற்று திறந்து, வேகம் உச்சத்துக்கு வரும் இடம் பிடித்து, கால் சுற்று உள்ளே. பிறகு ஐடிலை நிமிடத்துக்கு 850–900 சுற்றில் நிறுத்துங்கள்.

கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ ஆம்னி என்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரை முதலில் சந்தேகப்படலாம். எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருக்கிறது என்று அது பொய் சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் காட்ட வேண்டும். எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தே நின்றாலும் இதே தொல்லைதான்.

எந்த வண்டியானாலும் திரும்பி இறங்கும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். மட்டம் கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தும் இப்படி ஆகும். அந்த ஆயிலோடு மலையில் ஓட்டாதீர்கள். கோளாறைச் சரிசெய்து, ஆயில் பில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 3 லிட்டர் ஆயிலும் மாற்றிய பிறகுதான் சாவி போட வேண்டும்.