எண்ணெயும் தராசும்

செய்முறையில் 240 மில்லி எண்ணெய் என்று போட்டிருந்தது. அளவுக் கோப்பையைத் தேடச் சோம்பல். மில்லியும் கிராமும் ஒன்றுதானே என்று தராசில் 240 கிராம் நிறுத்து ஊற்றிவிட்டேன். மாவு பிசுபிசுவென்று எண்ணெய் கக்கிக்கொண்டு கிடந்தது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மில்லியும் கிராமும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்கு. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதைத் தினமும் பார்க்கிறேன், அது லேசானது என்று அன்றைக்கு மட்டும் தோன்றவில்லை!

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று காலிக் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, 240 மில்லி கோடு வரை ஊற்றினேன். எண் 219, 220 என்று தயங்கி 221-இல் நின்றது. ஆக, நான் ஊற்றியது ஏறக்குறைய 20 கிராம் அதிகம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி.

சமையல் எண்ணெய் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 0.91 முதல் 0.92 கிராம் வரை இருக்கும். எந்த விதை என்பதால் பெரிய வித்தியாசம் வராது. மில்லியை 0.92-ஆல் பெருக்கினால் கிராம், கிராமை 0.92-ஆல் வகுத்தால் மில்லி. ஒரு லிட்டர் சுமார் 920 கிராம், ஒரு கிலோ கிட்டத்தட்ட 1,090 மில்லி. 15 மில்லிக் கரண்டி 14 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

சூடேறினால் எண்ணெய் விரியும், எடை மாறாது. அதனால் 10 டிகிரி சூடு கூடினால், அதே ஒரு லிட்டர் அளவில் பிடிக்கும் எண்ணெய் ஆறேழு கிராம்தான் குறையும், வீட்டுச் சமையலுக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதைவிடக் கோப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் எண்ணெய்தான் பெரிய திருட்டு. இப்போதெல்லாம் பாத்திரத்தையே தராசில் வைத்து நேராக ஊற்றிவிடுகிறேன். கழுவவும் ஒரு சாமான் குறைவு.