வால்வைப் பிடித்திருக்கும் நாண்கள்

செவிலியர் மாணவிகளுக்கு இதய வால்வைக் காட்ட எனக்குப் படம் போதாது. கறிக்கடையில் சொல்லிவைத்து, கீறாத ஆட்டு இதயமாக வாங்கி வருவேன். இடது கீழறையை நீளவாக்கில் திறந்தால் மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும், அவற்றைத் தசைமேடுகளோடு இணைக்கும் வெள்ளை நாண்களும் தெரியும். இடுக்கியால் இழுத்துப் பாருங்கள். நூல்போல மெலிந்தவை, எளிதில் அறாது!

வால்வைத் திறந்து மூடுவது இந்த நாண்கள் அல்ல, இரத்த அழுத்த வேறுபாடுதான். கீழறை சுருங்கியதும் அழுத்தம் ஏறி இதழ்கள் மூடிக்கொள்கின்றன. ஸ்டெதஸ்கோப்பில் 'லப்' என்று கேட்பது அப்போதுதான். இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் காப்பதே நாண்களின் வேலை. நாண் அறுந்தால் இரத்தம் பின்னோக்கிப் பாயும், மூச்சு வாங்கும்.

இடது கீழறையிலிருந்து இரத்தம் உடலுக்குப் பாயும் வாயிலில் இருக்கும் மகாதமனி வால்வுக்கு நாண்களே கிடையாது. திரும்ப முயலும் இரத்தமே அதன் மூன்று பிறை இதழ்களையும் நிரப்பி மூடிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வால்வு அதுதான்.