ஆன்டிபாடிக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய அனுபவம்

ஒரே செல்லுக்குள் இரண்டு புரதங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் இன்னொரு புரதம். எங்களிடம் நன்றாக வேலை செய்த இரண்டு ஆன்டிபாடிகளும் சுண்டெலியிலிருந்து வந்தவை. வழக்கமாகச் சாயமில்லாத ஆன்டிபாடியை முதலில் போடுவோம், அப்புறம் அதைப் பிடிக்கும் சாயமேற்றிய இரண்டாம் ஆன்டிபாடியைப் போடுவோம். இரண்டுமே சுண்டெலி என்றால் இரண்டாம் ஆன்டிபாடி பேதம் பார்க்காமல் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒன்றுக்கு நேரடியாகவே பச்சைச் சாயம் ஏற்ற முடிவெடுத்தோம். இந்த வேலையில் முதல்முறை இறங்குகிறவர்கள் சாயத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆன்டிபாடி எந்தக் கரைசலில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கோக்கலாம் என்று 1940களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் காட்டினார். ஃப்ளோரசின் குடும்பத்தைச் சேர்ந்த எஃப்.ஐ.டி.சி. இன்றும் மலிவான, நல்ல சாயம்தான். ஆனால் லேசர் பட்டால் சீக்கிரம் மங்கும், கரைசல் சற்றே அமிலமானாலும் ஒளி குறையும். நாங்கள் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் ஒரே இடத்தைப் பலமுறை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்ததால் அலெக்சா ஃப்ளூர் 488 என்ற சாயத்தை வாங்கினோம். விலை அதிகம். 488 நானோமீட்டர் லேசரில் தூண்டப்பட்டு 519 நானோமீட்டர் அருகே பச்சையாக ஒளிர்வது இரண்டுக்கும் பொது. pH, அதாவது அமில-கார அளவு, 4 முதல் 10 வரை ஒளி மாறாமல் இருப்பது அலெக்சாவின் பலம்.

இனி கரைசலுக்கு வருவோம். இந்தச் சாயத்தின் என்.ஹெச்.எஸ். எஸ்டர் வடிவம் புரதத்தில் உள்ள அமீன் என்ற நைட்ரஜன் தொகுதிகளோடு, முக்கியமாக லைசின் என்ற அமினோ அமிலத்தில் இருப்பதோடு, வினைபுரிகிறது. பஃபர்களில், அதாவது pH மாறாமல் காக்கும் கரைசல்களில், சேரும் ட்ரிஸ், கிளைசின் இரண்டிலும் அமீன் உண்டு. ஆன்டிபாடி கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஆல்புமினிலோ லைசின் ஏராளம். இவை குழாயில் இருந்தால் விலையுயர்ந்த சாயமெல்லாம் அவற்றுக்கே போய்விடும். எங்கள் ஆன்டிபாடியின் தகவல் தாளில் ட்ரிஸ் என்று போட்டிருந்தது. ஆல்புமின் இல்லாதது பெரிய நிம்மதி, ஏனென்றால் சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றும் டயாலிசிஸ், பெரிய ஆல்புமினை வெளியேற்றாது. அதனால் பாஸ்பேட் பஃபரில் இரவு முழுவதும் டயாலிசிஸ் வைத்தோம். புதிதாக வாங்குகிறவர்கள் 'ஆல்புமின் இல்லாதது' என்று கேட்டே வாங்குங்கள்.

அடுத்தது pH. லைசினின் அமீன் புரோட்டானை விட்டால்தான் வினைபுரியும், அதற்குக் கொஞ்சம் காரத்தன்மை வேண்டும். அதே காரத்தன்மையில் எஸ்டர் தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாகும். 8.3 அளவில் பைகார்பனேட் பஃபர் வைப்பது இந்த இரண்டுக்கும் நடுவே பிடித்த சமரசம். பைகார்பனேட் கரைசலை அன்றன்றே தயாரித்தோம். சாயத்தை ஈரமில்லாத டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, கரைத்த கையோடு சேர்த்தோம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சாயக் குப்பியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படிந்துவிடும்.

அளவுக் கணக்கு எளிது. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மோல் கணக்கில் அளப்போம், ஒரு மில்லிகிராம் ஆன்டிபாடி என்பது சுமார் 6.7 நானோமோல். பத்து மடங்கு சாயம் என்றால் 67 நானோமோல், அதாவது 43 மைக்ரோகிராம். ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராமாவது இருக்கட்டும், நீர்த்துப்போனால் சாயம் தண்ணீரிடம் தோற்றுவிடும். அறை வெப்பத்தில், இருட்டில், ஒரு மணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டோம்.

ஒட்டாத சாயத்தைப் பிரிக்க செஃபடெக்ஸ் ஜி-25 நிரப்பிய குழலில் ஊற்றினோம். பெரிய ஆன்டிபாடி முன்னால் ஓடிவர, சிறிய சாயம் ஜெல்லின் துளைகளுக்குள் புகுந்து பின்தங்கும். மஞ்சளாக இரண்டு பட்டைகள் தனித்தனியே இறங்குவதைப் பார்க்க அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதே என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. ஓர் ஆன்டிபாடிக்கு எத்தனை சாயம் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

உதாரணமாக, 494 நானோமீட்டரில் உறிஞ்சல் 1.0, 280இல் 0.6 என்று வைத்துக்கொள்வோம். சாயமும் 280இல் கொஞ்சம் உறிஞ்சும். அதற்காக 1.0இன் 0.11 பங்கைக் கழித்தால் புரதத்துக்கு மிஞ்சுவது 0.49. அதை ஆன்டிபாடியின் உறிஞ்சல் மாறிலியான 2,03,000ஆல் வகுத்தால் ஆன்டிபாடி 2.4 மைக்ரோமோலார். 1.0ஐச் சாயத்தின் மாறிலியான 71,000ஆல் வகுத்தால் சாயம் 14.1 மைக்ரோமோலார். ஆக, ஓர் ஆன்டிபாடிக்கு ஏறத்தாழ ஆறு. இந்தச் சாயத்துக்கு நான்கிலிருந்து ஒன்பது வரை நல்ல அளவு. அதற்கு மேல் போனால் சாயங்கள் நெருங்கி ஒன்றின் ஒளியை ஒன்று அணைக்கும். ஆன்டிஜெனை, அதாவது ஆன்டிபாடி தேடும் புரதத்தை, பிடிக்கும் இடத்திலுள்ள லைசினிலும் சாயம் ஏறி, ஆன்டிபாடி பிடிப்பை இழக்கலாம். எங்களுக்குக் கிடைத்த எண் இந்த எல்லைக்குள் இருந்தது.

செல்லில் போடும் வரிசையும் முக்கியம். சாயமில்லாத சுண்டெலி ஆன்டிபாடி முதலில், பிறகு சிவப்புச் சாயமேற்றிய இரண்டாம் ஆன்டிபாடி. அதன்பின் சாதாரண சுண்டெலி சீரம் ஊற்றி, இரண்டாம் ஆன்டிபாடியில் காலியாக இருக்கும் கைகளை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவை பச்சை ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். பச்சை கடைசியில்தான். சாயமே போடாத செல்களையும் கூடவே வைத்துப் பாருங்கள், ஏனென்றால் ஃப்ளேவின் போன்றவற்றால் செல் தானாகவே கொஞ்சம் பச்சையாக ஒளிரும்.

படம் தெளிவாக வந்தது, இரண்டு புரதங்களும் வெவ்வேறு இடங்களில் இருந்தன. ஆனால் பச்சை சற்று மங்கல். ஒரு முதல் ஆன்டிபாடியின் மேல் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் ஏறி ஒளியைப் பெருக்கும், நேரடிச் சாயத்தில் அந்தப் பெருக்கம் கிடையாது. அதனால் இரண்டில் செல்லில் அதிகமாக இருக்கும் புரதத்தின் ஆன்டிபாடிக்கே நேரடிச் சாயத்தை ஏற்றுங்கள்.