எட்டு அவுன்ஸ் குறைத்தேன்

கனடாவில் மரச்சட்ட வீடு கட்டும் வேலையில் சேர்ந்த புதிதில், கனமிருந்தால்தான் ஆணி இறங்கும் என்று நம்பி 28 அவுன்ஸ் சுத்தியல் வாங்கினேன். கிட்டத்தட்ட 800 கிராம். மூன்றாம் வாரம் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதே முழங்கை சுண்டி இழுத்தது.

கூட வேலை செய்யும் அண்ணன், "இதால் அடித்துப் பார் தம்பி" என்று தன்னுடையதை நீட்டினார். 20 அவுன்ஸ், ஹிக்கரி மரப்பிடி. என் இரும்புப் பிடியில் மணிக்கட்டு வரை ஏறும் அதிர்வு இதில் பாதிகூட இல்லை. பிடியின் அடி வளைந்து அகன்றிருப்பதால் வியர்த்த கையிலும் நழுவவில்லை.

சுத்தியலின் அடிக்கும் முகப்பில் கட்டம் கட்டமாக வெட்டியிருப்பது ஆணித்தலை வழுக்காமலிருக்க. தவறிப் பெருவிரலில் விழுந்தால் அந்தக் கட்டங்கள் அப்படியே பதியும்; என்னுடையது இன்னும் ஆறவில்லை.

டைட்டானியத்தில் இதைவிட இலேசானது உண்டு. விலையைப் பார்த்ததும் பேசாமல் வைத்துவிட்டு வந்தேன்.