மின்விளக்காக வந்த பெண்

இன்று மதியம் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

1883 மார்ச் 26. நியூயார்க்கில் பெரும் பணக்காரர்களான வாண்டர்பில்ட் குடும்பத்தின் மாளிகையில் மாறுவேட நடன விருந்து. அதற்கு அந்தக் குடும்பத்து மருமகள் அலிஸ் போட்ட வேடம், மின்விளக்கு!

ஒரு கையை உயரத் தூக்கி விளக்கைப் பிடித்திருக்கிறார். அதை எரியவைக்க ஆடைக்குள்ளேயே பேட்டரி.

நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியதே 1882 செப்டம்பரில்தான். ஊரில் பெரும்பாலும் எரிந்தது கேஸ் விளக்கு. சாமானியர் வீட்டுக்குள் வராத மின்சாரத்தை இவர் நகை மாதிரி உடம்பில் அணிந்துகொண்டார். செல்வத்தை இதைவிடச் சத்தமாகச் சொல்ல முடியுமா?

படம் கறுப்பு வெள்ளை. ஆனால் ஆடை இன்னும் இருக்கிறது, நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில். மஞ்சள் சாட்டின். அதன்மேல் தங்க, வெள்ளி இழைகளில் மின்னல் கீற்றுகள்.

அதே விருந்துக்கு இன்னொரு பெண் பாடம்செய்த பூனையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் படமும் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே மனசு வரவில்லை.

அலிஸின் பெயர் தெரியும். ஆடை வடிவமைத்த பாரிஸின் வொர்த் பெயரும் தெரியும். அந்த மின்னல்களை ஒவ்வொரு இழையாகத் தைத்தவர்கள் யார்? எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தார்கள்? நான் இந்தப் படத்தில் தேடுவது அவர்களைத்தான்.